'ஏ' எழுத்துத் தொகுதியும் அஜர்பைஜான் அமைச்சரும்

ஆங்கிலத்தில் 'ஏ' எழுத்தில் தொடங்கும் எதைப் பற்றியும் நீங்கள் என்னிடம் கேட்கலாம். அல்பட்ரோஸ் பறவை எவ்வளவு தூரம் இறக்கையை அசைக்காமல் போகும், அனகொண்டா ஒரு பன்றியை விழுங்கிய பிறகு எப்படிப் படுத்திருக்கும், அன்டார்க்டிகாவில் ஏன் கரடி இல்லை, எல்லாம் சொல்வேன். 'பி'யில் தொடங்குவதைக் கேட்கக் கூடாது. வாழைப்பழத்துக்கு ஆங்கிலத்தில் 'பி' என்பதால், பல்லு முளைத்த நாளிலிருந்து தின்றும், அதைப் பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்வதில்லை.

இதற்குக் காரணம் பாபடோயிட்டோய் என்ற ஒக்லாந்துப் புறநகரில் ஒரு சனிக்கிழமைக் காலை. தொண்ணூறுகளில் நாங்கள் ஒக்லாந்துக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டுச் சாமான் முழுவதும் கராஜ் சேலில் வாங்கியது. வெள்ளைக்காரர்கள் தங்களுக்கு வேண்டாத கட்டில், கேத்தல், கோல்ஃப் மட்டை எல்லாவற்றையும் வீட்டு வாசலில் பரப்பி வைப்பார்கள். நாங்கள் போய் எங்களுக்கும் வேண்டாததை வாங்கிக்கொண்டு வருவோம். அப்படி ஒரு வாசலில் சிவப்பு அட்டையும் பொன் எழுத்துமாக ஒரு கலைக்களஞ்சியம் கிடந்தது. கையில் எடுத்தால் மணிக்கட்டு வலிக்கும் தடிப்பு. ஆனால் ஒன்றே ஒன்று. 'ஏ' மட்டும்.

"மிச்சம் எங்கே?" என்று கேட்டேன்.

தகப்பன் இறந்தபோது தானும் தங்கையும் வீட்டுச் சாமானைப் பிரித்துக்கொண்டதாக அந்தப் பெண்மணி சொன்னார். "பி-யிலிருந்து எல்லாவற்றையும் அவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளோடு எனக்குப் பேச்சில்லை."

வேலியில் நட்ட ஒரு கதியால் தடிக்காகப் பெரியப்பாவும் சித்தப்பாவும் வழக்காடிய குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்தப் பெண்மணி எனக்கு உடனே சொந்தக்காரியாகத் தோன்றிவிட்டார். வாங்கிவிட்டேன்.

அப்போது எனக்கு வேலை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்தில் கொடுக்கும் சாப்பாடு தயாராகும் ஒரு சமையற்கூடத்தில். தட்டுகள் வரிசையாக நகர்ந்து வரும். ஒருவர் சோறு வைப்பார், ஒருவர் கோழி வைப்பார், ஒருவர் பாண் வைப்பார். நான் வெண்ணெய். காசளவு வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பாணுக்குப் பக்கத்தில் வைப்பேன். அவ்வளவுதான். ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளராக இருந்தவன், நாற்பது கடந்து வெண்ணெய் ஆகியிருந்தேன். இடைவேளையில் மற்றவர்கள் சிகரெட் பிடிக்க வெளியே போவார்கள். நான் 'ஏ'யை மடியில் வைத்துப் படிப்பேன். அப்படித்தான் கடைசிப் பக்கங்கள் வரை வந்தேன், அஜர்பைஜான் வரை.

அஜர்பைஜான் கட்டுரைக்குள் ஒரு பெட்டி கட்டி, ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். முதலாம் உலகப் போர் முடிகிற காலத்தில் அந்த நாடு முதல் தடவையாகக் குடியரசானபோது அமைச்சராக இருந்தவர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பிறகு ஒரு நேர்முகத்தில் அதை நான் உச்சரித்த விதமே ஒரு நாட்டை அவமதிக்கப் போதும்.

நிற்க. சரக்கு ஏற்றுமதி இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனியில் கணக்கு எழுதுநர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்கு முன் போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் "நியூசிலாந்து அனுபவம் உண்டா?" என்ற ஒரே பதில். வெண்ணெயை அவர்கள் அனுபவமாகக் கணக்கெடுக்கவில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டது இந்தக் கொம்பனிதான், இதுதான் முதல் தடவை. இதை விட்டால் ஓய்வு பெறும் வரை வெண்ணெய் என்று எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். அவள் வெளியே சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் வீட்டில் பாணுக்கு ஜாம் மட்டும்தான் வைத்தாள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலேசியத் தமிழர் இருந்தார். நியூ லின்னில் ஒரு பெரிய கடையில் மேலாளர். வேலைக்கு வருகிறவர்களைக் கேள்வி கேட்டுப் பழகியவர். தன் வீட்டுச் சோபாவில் என்னை இருத்திப் பயிற்சி கொடுத்தார்.

"அண்ணே, முதல்ல அந்தத் தலைய நிறுத்துங்க லா."

என் தலைக்கு ஒரு வியாதி. பதற்றம் வந்தால் அது தன்பாட்டில் இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கும், தேரில் கட்டிய குடை மாதிரி. தமிழனுக்கு அது விளங்கும். வெள்ளைக்காரனுக்கு ஓம் என்றும் இல்லை என்றும் சேர்ந்து தெரியும்.

"இப்ப பாருங்க, உங்களுக்குப் பிடிச்ச தலைவர் யாருன்னு கண்டிப்பா கேப்பான். எல்லாரும் ஒரே பேருதான் சொல்வாங்க. தென்னாப்பிரிக்காவுல ஜெயில்ல இருந்துட்டு வந்து நாட்டுக்கே தலைவரானாரே, அவரு பேரு. நீங்களும் அதையே சொல்லிட்டு வாய மூடிக்குங்க. புதுசா ஒண்ணும் வேணாம்."

"ஓம்," என்றேன். சொல்லிப் பார்த்தேன். காரில் போகும்போதும் சொல்லிக்கொண்டே போனேன். நேர்முக அறைக்குள் போய்க் கதிரையில் உட்காரும் வரை அந்தப் பெயர் என் நாக்கில் பத்திரமாக இருந்தது.

உள்ளே ஒரு பெண், ஒரு ஆண். அந்த ஆண்தான் கொம்பனியின் மேலாளர். உயரமான, வெயிலில் சிவந்த வெள்ளைக்காரர். கணக்குக் கேள்விகள் நன்றாகப் போயின. பிறகு அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "உங்களைக் கவர்ந்த ஒரு தலைவர்?" என்று கேட்டார்.

தலை வெறுமையாகிவிட்டது. தென்னாப்பிரிக்கா நினைவில் இருந்தது, ஜெயில் நினைவில் இருந்தது, சிரிப்புக்கூட நினைவில் இருந்தது. பெயர் மட்டும் இல்லை. காது சுட்டது. தலை ஆடத் தொடங்கியது. எங்கேயாவது ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் என்று மூளைக்குள் ஓடி ஓடித் தேடினேன். அங்கே ஒரு தட்டு மட்டும்தான் அடுக்கி வைத்திருந்தது. அது 'ஏ'. அதிலும் கடைசியாகப் படித்தது மேலே கிடந்தது. என் வாய் திறந்து, அஜர்பைஜான் அமைச்சரின் முழுப் பெயரையும் சொல்லியது.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டார். மேலாளர் முன்னுக்குச் சாய்ந்தார்.

"யார் என்று சொன்னீர்கள்?"

இனிப் பின்வாங்க முடியாது. இன்னொரு தடவை சொன்னேன், முதல் தடவையை விட மோசமாக.

"என் மனைவி அஜர்பைஜான்காரி, பாக்கு நகரத்திலிருந்து வந்தவள்," என்றார் அவர். முகம் இன்னும் சிவந்திருந்தது. "எண்ணெய் வேலைக்காக நான் அங்கே இருந்தேன். அவளுடைய தகப்பனார் இப்போது எங்களோடு இருக்கிறார். இந்த நாட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஒருவரைக்கூட அவர் கண்டதில்லை! ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்து அவரோடு பேச வேண்டும். வேலை விஷயத்தை அடுத்த வாரம் சொல்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அடுத்த வாரம். எனக்குக் கணக்கு வரும். முதலில் கிழவரின் பரீட்சை, பிறகு வேலை.

வெளியே காருக்குள் மலேசியக்காரர் காத்திருந்தார்.

"என்னாச்சு அண்ணே? தலைவர் கேட்டானா?"

"கேட்டவன்."

"சொன்னீங்களா?"

"சொன்னனான். வேறை ஆளைச் சொல்லிப்போட்டன்."

"யார?"

சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். "அலாமாக்," என்றார் பிறகு. "நான் சொன்னது ரெண்டே வார்த்தை. அதை விட்டுட்டு, சோவியத் யூனியன்லேர்ந்து ஆளக் கொண்டு வந்து எறக்குறீங்க!"

"அப்ப சோவியத் இல்லை. அதுக்கு முந்தி."

"ரொம்ப முக்கியம் லா!"

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் 'ஏ'யைத் திறந்தேன். பயம் போய்விட்டது. பெயரைத் தவிர மற்றதெல்லாம் மறந்திருந்தது, ஆனால் படித்ததுதானே, இன்னொரு தடவை நன்றாகப் படித்துவிட்டால் போயிற்று. பெட்டிக்குள் அமைச்சரின் வாழ்க்கை ஒழுங்காகத் தொடங்கியது. பீட்டர்ஸ்பர்க்கில் சட்டம் படித்தார். மதம் மாறினால் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க இடம் தருகிறோம் என்றார்கள், மாட்டேன் என்றார். பாக்குவில் பத்திரிகை நடத்தினார். ரஷ்யப் பேரரசனின் முதல் சபைக்குத் தெரிவானார். பேரரசன் சபையைக் கலைத்தான், இவர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார், சிறைக்குப் போனார். பிறகு குடியரசு வந்தது. பாரிசில் நடக்கும் சமாதான மாநாட்டுக்குத் தூதுக் குழுவின் தலைவராக அவரை அனுப்பினார்கள். அவர் வெளியே நிற்கும்போதே ஊரில் அவரைப் பாராளுமன்றத்தின் தலைவராகவும் தெரிவு செய்துவிட்டார்கள். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் தனிப் பாசம். எங்கள் தமிழ்ச் சங்கத்திலும் கூட்டத்துக்கு வராதவனைத்தான் செயலாளராகத் தெரிவு செய்வார்கள். அப்படித்தான் நானும் ஆனேன்.

இஸ்தான்புல்லில் பாரிசுக்கு விசா கேட்டுக் காத்திருந்தார். பக்கத்தைத் திருப்பினேன்.

ஓட்டை.

கடைசித் தாளின் நடுவே, கீழே அகலமாகவும் மேலே கூராகவும், ஓரங்கள் படி படியாக வெட்டப்பட்ட ஓர் ஓட்டை. அதற்குள்ளால் பின் அட்டை தெரிந்தது.

மகளைக் கூப்பிட்டேன்.

"இட்ஸ் ஜஸ்ட் எ பிக்சர், அப்பா," என்றாள். பள்ளிக்கூடத்தில் பழைய நாகரிகங்கள் பற்றிப் படம் ஒட்டச் சொன்னார்களாம். அந்தத் தாளின் மறுபக்கத்தில் அஸ்டெக் பிரமிட் ஒன்று இருந்திருக்கிறது. அழகாக வெட்டி எடுத்திருந்தாள். "டீச்சர் ஸ்டிக்கர் தந்தவ."

அமைச்சரின் மிச்ச வாழ்க்கை பிரமிட்டுக்குப் பின்புறமாகப் பசை பூசப்பட்டு, பள்ளிக்கூடச் சுவரில் நட்சத்திர ஸ்டிக்கரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அது வெள்ளி பின்னேரம். பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. பிரமிட்டின் வலது ஓரத்தில் ஒரு வரி மட்டும் தப்பியிருந்தது: "...1934-இல் இறந்தார்."

சனிக்கிழமை நூலகத்துக்கு ஓடினேன். அங்கே எல்லா எழுத்தும் இருந்த களஞ்சியம் ஒன்று இருந்தது. அதில் அஜர்பைஜானுக்கு எண்ணெய், பருத்தி, மீன் முட்டை. ஆள் யாரும் இல்லை. இன்டர்நெட் என்று ஒன்று இருப்பதாக நூலகர் சொன்னார். அதைத் தொட முதல் பதிவு செய்து முறை வர வேண்டும், முறை செவ்வாய்க்கிழமை.

அன்று பின்னேரம் எங்கள் குசினியில் ஆலோசனைச் சபை கூடியது. மனைவி, மலேசியக்காரர், நான்.

"விசா கெடச்சிருக்கும், பாரிஸ் போயிருப்பாரு, பி.ஆர். போட்டு அங்கயே நிரந்தரமா தங்கியிருப்பாரு, வீடு வாங்கியிருப்பாரு. முடிஞ்சிச்சு," என்றார் மலேசியக்காரர்.

"நாட்டின்ரை அமைச்சர் ஏன் தம்பி பி.ஆர். போடுறார்?" என்று மனைவி கேட்டாள். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பருத்தித்துறை வடை போட்டுக் கொண்டுபோவதாக அவளே முடிவெடுத்திருந்தாள். "இஞ்சாருங்கோ, என்ரை தம்பி பாரிசுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டுப் பாங்கொக்கிலை எவ்வளவு காலம் நிண்டவன்? ஏஜென்சிக்காரன் இந்தா வருது அந்தா வருது எண்டான். ஹோட்டல் காசு முடிஞ்சு, கோயில் மண்டபத்திலை படுத்து, கடைசியிலை போய்ச் சேர்ந்தவன். போய்ச் சேர்ந்தாப் பிறகு, அடுத்த தைப்பொங்கலுக்கு ஊருக்கு வாறன் எண்டு ஒவ்வொரு வருசமும் சொல்றான். அதைச் சொல்லுங்கோவன்."

"அமைச்சரைக் கோயில் மண்டபத்திலை படுக்கப் போடச் சொல்றியே?"

"நான் படுக்கப் போடச் சொல்லேல்லை. நிண்டவர் எண்டு சொல்லுங்கோ."

எனக்கு வேறு திட்டம் இருந்தது. தெரிந்த பாதியை இழுத்து இழுத்துச் சொல்வது. பீட்டர்ஸ்பர்க்கிலேயே அரைவாசி நேரத்தை ஓட்டுவது. இஸ்தான்புல்லுக்குப் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும், வீட்டுக்குப் போகிறோம் என்று எழும்பிவிடலாம். நல்ல திட்டம்தான். அதைத் தேநீர் கெடுத்தது.

ஞாயிறு பின்னேரம் போனோம். மேலாளரின் மனைவி கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் கோட்டுப் போட்டு, கழுத்துப் பட்டி கட்டி, சவரம் செய்த கன்னத்தில் ஒரு சிறு வெட்டோடு, அந்தக் கிழவர் நின்றார். எனக்காகத்தான் சவரம் செய்திருக்கிறார் என்று நினைத்ததும் என் தலை ஆடத் தொடங்கிவிட்டது. அவருக்கு ஆங்கிலம் வராது. மகள்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

நடுவில் ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் கிழவர் தன் கையாலேயே தேநீர் ஊற்றித் தந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் செர்ரி ஜாம். நான் குடித்து முடித்தேன். எங்கள் வீட்டு வளர்ப்பில், தந்ததை மிச்சம் வைத்தால் தந்தவரை அவமதித்ததாக அர்த்தம். முடித்த உடனே கிழவர் மறுபடி ஊற்றினார். அதையும் மரியாதையாக முடித்தேன். மறுபடி ஊற்றினார். போதும் என்று தலையை ஆட்டினேன். என் தலை போதும் என்று சொன்ன விதம் அவருக்கு, தாருங்கள் ஐயா, தாராளமாகத் தாருங்கள் என்று பட்டிருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பாக ஊற்றினார்.

"கதையைச் சொல்லுங்கள்," என்றார் மகள். "அப்பா கேட்க வேண்டும் என்கிறார். அவருக்குத் தெரியும். ஆனால் வெளியாள் ஒருவர் வாயால் கேட்க வேண்டுமாம். அவருடைய தகப்பன் அந்தப் பத்திரிகையில் அச்சுக்கோத்தவர். சோவியத் ஆட்சியில், அப்பா சின்னப் பையனாக இருந்தபோது, அந்தப் பெயரை வீட்டில் சொல்வதென்றால் முதலில் வானொலியைச் சத்தமாகப் போடுவார்களாம்."

கிழவருக்குக் கதை தெரியும்!

தொடங்கினேன். பீட்டர்ஸ்பர்க்கின் பனியை வர்ணித்தேன். ஏன் பனி, எப்படிப் பனி. (ஆர்க்டிக் எனக்கு நன்றாக வரும்.) கிழவர் தலையசைத்து ஊற்றினார். மதம் மாற மறுத்த இடத்தை இரண்டு தடவை சொன்னேன். கிழவர் கண்ணைத் துடைத்து ஊற்றினார். பத்திரிகைக்கு வந்தபோது அச்சு இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று விளக்கத் தொடங்கி, அது 'பி'யில் வருவதால் பாதியில் நிறுத்தினேன். சிறையில் அவரை வைத்ததை நான் சொன்ன நீளத்துக்கு, அவரை உண்மையில் வைத்திருந்த காலமே குறைவு.

இழுக்க இழுக்கத் தேநீர் வந்தது. தேநீர் வர வர எனக்கு வேறொரு நெருக்கடி தொடங்கியது.

இதை எப்படிச் சொல்வது? முதல் தடவை போகிற வீட்டில், அதுவும் வேலை தரப்போகிறவர் வீட்டில், கழிப்பறை எங்கே என்று கேட்பதா? உயிர் போனாலும் கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். காலுக்கு மேல் கால் போட்டேன். பிறகு மற்றக் காலைப் போட்டேன். சோபாவின் நுனிக்கு வந்தேன். நான் உணர்ச்சிவசப்பட்டு நுனிக்கு வருகிறேன் என்று நினைத்துக் கிழவரும் நுனிக்கு வந்தார். மனைவி என் முழங்கையில் கிள்ளினாள்.

"ஏன் நெளியிறியள்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவசரம்."

"கேளுங்கோவன்."

"எப்பிடிக் கேக்கிறது?"

"அப்ப கெதியாச் சாக்காட்டுங்கோ அந்த மனுசனை!"

இப்போது நான் இஸ்தான்புல்லுக்கு வந்து சேர்ந்திருந்தேன். முன்னால் ஓட்டை. கிழவர் என்னைப் பார்த்தபடி இருந்தார். கையில் கேத்தல்.

"பிறகு?" என்றார் மகள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் சிறுநீர்ப்பைதான் பேசியது.

"விசா வரவில்லை," என்றேன். "இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்றார்கள். மாதக்கணக்காக வரவில்லை. விடுதிக் காசு முடிந்தது. பிறகு வந்தது. பாரிசுக்குப் போனார். பெரிய பெரிய ஆட்களைக் கண்டார். எங்களையும் ஒரு நாடு என்று சொல்லுங்கள் என்று கேட்டார். கடைசியில் ஓம் என்றார்கள். அவர்கள் ஓம் என்று சொல்லி முடிக்கவும் ஊரில் நாடு சோவியத் கைக்குப் போய்விட்டது. திரும்ப வழியில்லை. அடுத்த வருசம் போகலாம், அடுத்த வருசம் போகலாம் என்று அங்கேயே இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் செத்துப் போனார். மன்னிக்க வேண்டும், கழிப்பறை எங்கே?"

மகள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள், மேலாளர் நீட்டிய விரலின் திசையில் நான் போய்விட்டேன்.

அந்தக் கழிப்பறையைப் பற்றி நான் நன்றி உணர்ச்சியோடு தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். வேலை முடிந்த பிறகும் வெளியே வரத் துணிவில்லை. எல்லாம் போய்விட்டது. ஒரு நாட்டின் மதிப்புக்குரிய மனிதரை என் மச்சானின் கதைக்குள் போட்டு, கழிப்பறைக்காக அவசரமாகச் சாக்காட்டிவிட்டேன். வெண்ணெய். இனி ஆயுளுக்கும் வெண்ணெய். ஜன்னலைப் பார்த்தேன். சின்ன ஜன்னல். என் வயிறு போகாது. மனைவியையும் அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது, வடைச் சட்டி அவளுடையது.

அப்போது வெளியே மனைவியின் குரல் கேட்டது. அவளுடைய ஆங்கிலம் குறைவு, ஆனால் நேர்.

"புத்தகத்தில் அது இல்லை," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "புத்தகத்தில் பெரிய ஓட்டை. மகள் வெட்டிவிட்டாள், பிரமிட்டுக்காக. அவருக்கு அரைவாசிதான் தெரியும். மிச்சம் என் தம்பி."

நான் கதவைத் திறந்து வந்தபோது கிழவரின் மகள் அதைத் தகப்பனுக்குச் சொல்லி முடித்திருந்தார். கிழவர் கேத்தலைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கழுத்துப் பட்டியைத் தளர்த்திச் சிரித்தார். இருமல் வந்து, மேலாளர் முதுகைத் தட்டிவிட, அதற்குப் பிறகும் சிரித்தார். இடையில் என்னைக் காட்டி ஏதோ சொன்னார்.

"எல்லாம் சரி என்கிறார்," என்றார் மகள். அவர் கண்ணும் நனைந்திருந்தது. "ஒன்றைத் தவிர. காசு முடிந்தது இஸ்தான்புல்லில் இல்லையாம், பாரிசில். மற்றதெல்லாம் அப்படியே. ஓம் என்றார்கள், கொஞ்ச மாதத்தில் நாடு போனது, அவர் திரும்பவே இல்லை."

கிழவர் மறுபடி பேசினார். மகள் என் மனைவியின் பக்கம் திரும்பினார். "உங்கள் தம்பி இப்போது எங்கே என்று கேட்கிறார்."

"பாரிசில்தான்," என்றாள் மனைவி. "ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவுகிறான்."

அதை மொழிபெயர்த்தபோது கிழவர் சிரிக்கவில்லை. ஒரு வடையை எடுத்துக் கடித்தார். பருத்தித்துறை வடை உறைப்பென்றால் உறைப்பு. கண் பிதுங்கியது. அடுத்ததையும் எடுத்தார். பிறகு என் குவளையைப் பார்த்தார். நான் கையை நீட்டித் தடுக்கப் போக, மகள் என் கரண்டியை எடுத்துக் குவளையின் வாய்மேல் குறுக்கே வைத்தார்.

"போதும் என்றால் இப்படி வைக்க வேண்டும்," என்றார். "யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா?"

எனக்கு யார் சொல்வது? தேநீர் ஆங்கிலத்தில் 'டி'.

வாசல் வரை வந்த மேலாளர் என் மனைவிக்குக் கை கொடுத்தார். "தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறீர்கள். உங்களுக்குக் கணக்கு வருமா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். நான் தலையை ஆட்டினேன். அதை அவர் எப்படி எடுத்தாரோ.

அடுத்த மூன்று நாளும் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டேன். புதன்கிழமை நான் முகம் கழுவப் போன நேரம் பார்த்து அது அடித்தது. ஓடி வந்தேன். மனைவி எடுத்துவிட்டாள்.

"ஓம்... ஓம்... தாங்க் யூ," என்றாள். கையால் குழலைப் பொத்தி என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "எனக்குத்தான் வேலையாம்."

நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

"என்னப்பா, அழப் போறியளே? இந்தாங்கோ, உங்களோடைதான் கதைக்கோணுமாம்."

திங்கட்கிழமை தொடங்கச் சொன்னார் மேலாளர். கணக்குத் தேர்வில் நான் பிழை விடவில்லை என்பதை முதலில் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் அதே தென்னாப்பிரிக்கத் தலைவரைச் சொன்னதை இரண்டாவதாகச் சொன்னார். ஒன்றுதான் தயக்கமாம், நான் ஓம் என்கிறேனா இல்லை என்கிறேனா என்று தனக்கு இன்னும் தெரியவில்லையாம். பக்கத்து வீட்டு மலேசியக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "என்னோட ட்ரெய்னிங் அண்ணே, வேற என்னா," என்றார் வெட்கமே இல்லாமல்.

இடையில் வந்த ஞாயிறு கிழவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். 'ஏ'யைக் கேட்டு வாங்கி, ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். என் மகளிடம் சைகையால் கத்தரிக்கோல் கேட்டார். அவள் மிகப் பயந்துபோய்க் கொடுத்தாள். வெள்ளைத் தாளில் அதே அளவு பிரமிட் ஒன்றை வெட்டி, அதன் படிகளுக்குள்ளே நுணுக்கி நுணுக்கித் தன் மொழியில் எழுதி, பசை பூசி ஒட்டினார். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அது வாசிக்கத் தெரியாது. ஓட்டை அடைபட்டுவிட்டது, அவ்வளவு தெரியும்.

திங்கட்கிழமை புதுச் சட்டையோடு போய் உட்கார்ந்தேன். அந்தக் கந்தோரில் வாடிக்கையாளர்களின் கணக்குகளை எழுத்து வரிசைப்படி எழுதுநர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். மேலாளர் என் மேசைக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது முழுத் தயாராக ஒரு வேலைக்கு வந்திருக்கிறேன்.

"உங்களுக்கு," என்றார் அவர், "எம் முதல் இசட் வரை."

காது சுட்டது. தலை ஆடத் தொடங்கியது.

"நல்லது," என்றார் மேலாளர். "ஓம் என்றே எடுத்துக்கொள்கிறேன்."